ஒரிஜினல் டைவிங் வாட்ச்சையும் ஃபர்ஸ்ட் காப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி?

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. வாட்ச் ரிப்பேர்தான் தொழில். அப்பா மூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். 1985இல் அது எரிந்த பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டார். இப்போது அவருடைய மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுகத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் கடை இருப்பதால் டைவிங் வாட்ச் நிறைய வரும். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கொண்டுவருவார்கள். சௌகார்பேட்டை அடகுக் கடைகளிலிருந்து பையன்கள் கொண்டுவருவார்கள். "கப்பல்காரர் ஒருத்தர் அவசரத்துக்குக் கொடுத்தார், முப்பதாயிரம்தான்" என்று பூரித்துப்போய் வருகிறவர்களும் உண்டு. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இது ஒரிஜினலா பாருங்க."

பார்க்கிற முறையை எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரிஜினலா என்பது ஒரு கேள்வி, தண்ணீர் தாங்குமா என்பது வேறு கேள்வி. ஒரிஜினல் வாட்ச்சிலும் ரப்பர் வாஷர் காய்ந்து போனால் தண்ணீர் இறங்கும். புது வாஷர் போட்டு ஒழுங்காக மூடிய காப்பி நீச்சல் குளத்தில் தாக்குப்பிடிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "குளிக்கும்போது போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஒரிஜினல்தான்" என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் தம்பி ஒருவர், புரொப்பல்லரில் வலை சிக்கியதென்று கத்தியோடு கடலில் இறங்கினார். இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது. மேலே வந்தபோது கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. டயலில் 300 மீட்டர் என்று அழகாக அச்சடித்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். பின் மூடிக்கு வாஷர் இருந்தது. சாவி (பக்கவாட்டில் நேரம் வைக்கத் திருகும் குமிழ்) திருகுகிற குழாயில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் மட்டும் இல்லை. தேய்ந்து போயிருந்தால் சிதறலாவது கிடைக்கும். இதில் முதலிலிருந்தே போடவில்லை.

முதலில் மாடலைப் பொருத்துங்கள்

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். அதிகம் காப்பியடிக்கப்படுவது ரோலெக்ஸ் சப்மரைனர் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 1953இல் பிறந்த வாட்ச் அது. நடுவில் எத்தனையோ முறை மாறிவிட்டது. 2010 முதல் 2020 வரை விற்ற 116610 மாடல் 40 மில்லிமீட்டர். உள்ளே 3135 என்ற மெஷின். 2020இல் வந்த 126610 மாடல் 41 மில்லிமீட்டர், உள்ளே 3235. புதியதில் செயின் மாட்டும் கால்கள் கொஞ்சம் ஒல்லி. ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு மற்றொன்றைப் பார்த்தால் நல்ல வாட்ச்கூட டூப்ளிகேட் மாதிரிதான் தெரியும். வாட்ச்சோடு வரும் உத்தரவாத அட்டையில் மாடல் எண் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பிறகு அதே எண்ணுள்ள ஒரிஜினலைத் தேடுங்கள். தெரிந்தவரிடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், இப்போதும் விற்கிற மாடலென்றால், கம்பெனியின் அதிகாரப்பூர்வ ஷோரூமுக்குப் போய்க் கையில் கட்டிப் பார்க்கலாம், பெசலை, அதாவது மூழ்கத் தொடங்கிய நேரத்தைக் குறிக்க டயலைச் சுற்றி இருக்கும் வளையத்தைத் திருப்பிப் பார்க்கலாம். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு வசதி உண்டு. தண்டையார்பேட்டையில் இருக்கும் ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவர் சிங்கப்பூரில் வாங்கிய 116610ஐ வாஷர் மாற்ற என்னிடம்தான் தருவார். அது மேசையில் இருக்கிற நாட்களில் அதே மாடல் காப்பி ஏதாவது வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவேன். கீழே சொல்வதெல்லாம் அப்படிப் பார்த்ததுதான்.

வேண்டிய சாமான் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு டார்ச், ஸ்லோ மோஷன் எடுக்கிற போன், விரிக்க மெத்தென்ற துணி. காந்தம் வேண்டாம். காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ரோலெக்ஸ் பயன்படுத்தும் 904எல் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, நல்ல காப்பிகளில் வரும் 316எல் ஸ்டீலிலும் ஒட்டாது. ஆனால் பல வாட்ச்களில் ஹேர்ஸ்பிரிங்கில் (வேகத்தை நிர்ணயிக்கும் மெல்லிய சுருள்) காந்தம் ஏறினால் வாட்ச் கன்னாபின்னாவென்று வேகமாக ஓடும். சோதனை செய்கிறேன் என்று நல்ல வாட்ச்சைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். எடையையும் நம்ப முடியாது. இரண்டு ஸ்டீலும் ஏறக்குறைய ஒரே கனம். உள்ளே பொள்ளலான செயின் போட்ட மலிவுச் சரக்கை மட்டும்தான் எடை காட்டிக்கொடுக்கும்.

முகத்தில் நேரம் வீணாக்காதீர்கள்

எழுத்து, லோகோ, நிறம் இதெல்லாம் இப்போது நன்றாகவே செய்கிறார்கள். ஒரிஜினலை விலை கொடுத்து வாங்கிப் பிரித்து அளந்துதான் காப்பி அடிக்கிறார்கள். அதனால் கண்ணுக்குப் படுகிற இடங்களில் கெட்டிக்காரத்தனம் இருக்கும். மலிவுச் சரக்கைத் தள்ள மட்டும் முகத்தைப் பாருங்கள். தேதிக்கு மேல் இருக்கும் சின்ன லென்ஸ் இரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும்; தேதி சிறுத்துத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பின் மூடி கண்ணாடியாக இருந்து மெஷின் தெரிந்தால் அது சப்மரைனரே இல்லை. பச்சை ஹாலோகிராம் ஸ்டிக்கர் பின்னால் ஒட்டியிருந்தால் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். ரோலெக்ஸ் அதை 2000களின் பிற்பகுதியிலேயே விட்டுவிட்டது, 116610இல் அது இருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் சுவாரசியம். கண்ணாடியில் ஆறு மணிக்கு நேராக லேசரால் ஒரு சின்னக் கிரீடம் பொறித்திருப்பார்கள். ஒரிஜினலில் அதைக் கண்டுபிடிக்க டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து, லென்ஸில் கண் வலிக்கிற வரை தேட வேண்டும். காப்பியில் சும்மா பார்த்தாலே பளிச்சென்று தெரிகிறது. வாங்குகிறவன் தேடுவான் என்று தெரிந்து அவனுக்கு உதவியாகச் செய்திருக்கிறார்கள் போலும்.

பெசலில் பதித்திருக்கும் முத்து போன்ற ஒளிப்புள்ளி டயலின் பன்னிரண்டு மணி முக்கோணத்துக்கு நேராக இல்லை என்றெல்லாம் பதற வேண்டாம். ஒரிஜினலிலேயே மயிரிழை விலகி வருவதுண்டு.

கையால் பாருங்கள்: பெசல்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். டைவிங் வாட்ச்சின் பெசல் இடப்பக்கம் மட்டும் திரும்பும். தண்ணீருக்குள் பாறையிலோ படகிலோ இடித்து நகர்ந்துவிட்டாலும், கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும், குறைவாகக் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டினால் ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவான். குறைவாகக் காட்டினால் காற்று தீரும்வரை கீழே இருப்பான். டைவிங் வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தரவிதியும் பெசல் தற்செயலாகத் திரும்பிவிடாதபடி காப்பு வேண்டும் என்கிறது. இரண்டு பக்கமும் திரும்புகிற 116610ஐ யாராவது நீட்டினால் கும்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு சுற்றுக்கு 120 கிளிக். அரை நிமிடத்துக்கு ஒன்று. எண்ணிப் பாருங்கள், மலிவுக் காப்பிகளில் அறுபதுதான் இருக்கும். நல்ல காப்பிகளில் 120 இருக்கும். அதனால் எண்ணிக்கையோடு விடாமல் இப்படிச் செய்யுங்கள். வாட்ச்சைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு முழுச் சுற்று. இன்ஜினியர் ஐயாவின் வாட்ச்சில் ஒவ்வொரு கிளிக்கும் ஒரே சத்தம், ஒரே கனம். காப்பியில் இரண்டு மணிப் பக்கம் லேசாகவும் எட்டு மணிப் பக்கம் இறுக்கமாகவும் இருந்தது. பெரும்பாலான காப்பிகளில் அடியில் இருப்பது வளைத்த தகடு ஸ்பிரிங்; சுற்று சரியான வட்டமாக இல்லாத இடத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, ஒரு கிளிக்கில் நிறுத்தி இரண்டு விரலால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரிஜினல் அசையாது. காப்பி கொஞ்சம் ஆடும். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினால் சில காப்பிகள் கீழே போய் மேலே வருவதுகூடத் தெரியும்.

பிறகு லென்ஸை எடுத்துப் பெசல் எண்களைப் பாருங்கள். அந்த வளையம் பீங்கான். எண்களைக் குழிவாக அமைத்து, அதில் பிளாட்டினத்தை ஆவியாக்கிப் படிய வைத்திருப்பார்கள். லென்ஸில் பொடி மினுமினுப்பாகத் தெரியும், குழியின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். காப்பியில் பெயின்ட் நிரப்பியிருப்பார்கள். தட்டையான சாம்பல் நிறம், மூலைகளில் கொஞ்சம் வழிந்திருக்கும். சில ஆயிரம் ரூபாய் காப்பியிலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் காப்பி வரை இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சாவி

சாவியின் மேல் கிரீடத்துக்குக் கீழே மூன்று புள்ளிகள் இருக்க வேண்டும். மூன்று இடத்தில் தண்ணீரைத் தடுக்கிற அமைப்பு என்பதற்கு அடையாளம் அது. சாவியைத் திருகிக் கழற்றினால் குழாயின் மரைக்குள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் கண்ணுக்குத் தெரியும். புள்ளி இருந்து வளையம் இல்லையென்றால் விஷயம் முடிந்தது. மரை ஏறி இறங்குவதையும் விரல் சொல்லிவிடும். ஒரிஜினல் வழுக்கிக்கொண்டு உட்காரும். காப்பி மணல் விழுந்த ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி நரநரக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. சப்மரைனரில் தேதியே இல்லாத மாடலும் உண்டு: 2012இல் வந்த 114060, 2020இல் வந்த 124060. அதில் சாவியை வெளியே இழுத்தால் ஒரே ஒரு படிதான். இழுத்ததும் விநாடி முள் நிற்கும், நேரம் வைக்கலாம். காப்பி செய்கிறவர்கள் பெரும்பாலும் தேதியுள்ள ஏதோ ஒரு சீன மெஷினையே உள்ளே வைத்துத் தேதி இல்லாத டயலால் மூடிவிடுகிறார்கள். அதனால் சாவியை இழுத்தால் நடுவில் இன்னொரு படி வரும். திருகினால் எதுவும் ஆகாது. டயலுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் தேதிச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். கடைக்காரர் கண் முன்னாலேயே இதைச் செய்யலாம். திறக்க வேண்டாம், கருவி வேண்டாம். அவர் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

தேதியுள்ள மாடலாக இருந்தால் ராத்திரி பதினொன்றரையிலிருந்து தேதியைக் கவனியுங்கள். ஒரிஜினல் பன்னிரண்டு மணிக்கு டக்கென்று ஒரே தாவல். காப்பியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே வரும்.

இரண்டு நாள் கொடுங்கள்

விற்கிறவர் இரண்டு நாள் வாட்ச்சைக் கொடுத்தால் நிறையத் தெரிந்துவிடும். முழுதாகச் சாவி கொடுத்து மேசை மேல் அசையாமல் வையுங்கள். 3135 மெஷின் ஏறக்குறைய 48 மணி நேரம் ஓடும், 3235 என்றால் 70 மணி நேரம். காப்பிகளில் அதிகம் வருகிற மெஷின் ஒன்றரை நாளில் படுத்துவிடும். சர்வீஸ் பார்க்காத ஒரிஜினலும் சீக்கிரம் நிற்கலாம், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

விநாடி முள் வழுக்கிக்கொண்டு ஓடினால் ஒரிஜினல் என்பது பழைய கதை. 3135 மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது விநாடிக்கு எட்டு. போனில் விநாடிக்கு 240 படம் என்று ஸ்லோ மோஷன் எடுத்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே 30 படம் வரும். 40 வந்தால் அது விநாடிக்கு ஆறு துடிக்கும் மலிவு மெஷின். ஆனால் 30 வந்தாலும் நிச்சயம் இல்லை, எட்டு துடிக்கிற காப்பி மெஷின்கள் ஏராளம்.

வெளிச்சத்தையும் பார்க்கலாம். டார்ச் அடித்துவிட்டுப் பீரோவுக்குள் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். 116610இல் நீல வெளிச்சம். முள்ளிலும் டயல் புள்ளியிலும் ஒரே அளவு இருக்கும். காப்பியில் முள் ஒரு மாதிரி, புள்ளி ஒரு மாதிரி மங்கியிருக்கும். பழைய வாட்ச் என்றால் இதுவே தலைகீழ். 1998 வாக்கில் வரை டயலில் பூசியது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரைவாழ்வு பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். எண்பதுகளில் வாங்கியது என்று சொல்லித் தரும் வாட்ச் இன்றைக்கு இருட்டில் ஜொலித்தால், ஒன்று டயலுக்குப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள், அல்லது சர்வீஸில் டயலை மாற்றியிருக்கிறார்கள், அல்லது டயலே பொய்.

திறக்கிற கட்டம்

இதை வீட்டில் செய்யாதீர்கள். பின் மூடிக்குத் தனிக் கருவி வேண்டும், வழுக்கினால் கீறல்தான். தெரிந்த மெக்கானிக்கிடம் உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். 3135இல் பேலன்ஸ் சக்கரத்துக்கு (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) மேல் இருக்கும் பாலம் இரண்டு பக்கமும் திருகாணியில் உட்கார்ந்திருக்கும். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ தள்ளுகிற கைப்பிடி அதில் கிடையாது. சக்கரத்திலேயே இருக்கும் சின்னச் சின்ன நட்டுகளைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். காப்பிகளில் சாதாரண மெஷினுக்கு மேல் ஒரு அலங்காரத் தகட்டை ஒட்டி, சிவப்புச் சக்கரம், நீல ஸ்பிரிங் எல்லாம் காட்டுவார்கள். கை அசைவில் சுற்றுகிற எடையைக் கழற்றித் தகட்டுக்குக் கீழே பார்த்தால் கூட்டல் கழித்தல் குறியோடு கைப்பிடி உட்கார்ந்திருக்கும். எவ்வளவோ செலவழித்தவர்கள் இங்கே வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது கைப்பிடி இல்லாத காப்பி மெஷின்களும் வந்துவிட்டன. அதைப் பிரிக்காமல் சொல்ல எனக்கே துணிவில்லை.

பாதி ஒரிஜினல் என்றும் ஒரு ரகம் உண்டு. கேஸ் நிஜம், உள்ளே மெஷின் பொய். அல்லது மெஷின் நிஜம், டயல் பொய். அடகுக் கடைகளை அதிகம் அழ வைப்பது இந்த ரகம்தான். வெளியே மட்டும் பார்த்தால் தப்பிவிடும், உள்ளே மட்டும் பார்த்தாலும் தப்பிவிடும்.

திறந்ததை மூடும்போது புது வாஷர், சிலிகோன் கிரீஸ், அதற்கப்புறம் அழுத்தச் சோதனை. எங்கள் கடையில் இருப்பது கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு பாத்திரம், பாதி தண்ணீர். வாட்ச்சைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டுக் காற்றை ஏற்றுவேன், ஆறு ஏட்மாஸ்ஃபியர் வரை. அது 60 மீட்டர் ஆழத்துக்குச் சமம். சில நிமிடம் அப்படியே இருக்கும். ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போயிருக்கும். பிறகு தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தை மெதுவாகக் குறைப்பேன். சாவிப் பக்கத்திலிருந்து சரமாகக் குமிழி வந்தால் உடனே மேலே தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று வெளியேறிய வழியில் தண்ணீர் போய்விடும். வாட்ச்சின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த இரண்டொரு குமிழி பயமில்லை. விடாமல் வருகிற சரம்தான் கணக்கு. கம்பெனியில் 300 மீட்டர் வாட்ச்சுக்கு அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து அழுத்திப் பார்க்கிறார்கள். என் கருவி அவ்வளவுக்கு வராது. காசிமேட்டு வேலைக்கு இது போதும்.

ஒமேகா சீமாஸ்டரைக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து மணிப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது சாவி ஹீலியம் வெளியேறும் வால்வு. நாள்கணக்கில் ஆழ்கடல் அறையில் ஹீலியம் கலந்த காற்றில் தங்கி வேலை செய்பவர்களுக்கானது. பல காப்பிகளில் அது வெறும் அலங்காரம். ஒரிஜினலில் திருகிக் கழலும், சும்மா கழற்றி வைக்காதீர்கள்.

அட்டை, பெட்டி, ரசீது இவற்றை நான் கடைசியில்தான் பார்ப்பேன். எல்லாமே அச்சடிக்கக் கூடியவை. அதிலும் தேதி பொருந்துகிறதா என்று பாருங்கள்: ரோலெக்ஸ் ஐந்து ஆண்டு உத்தரவாதம் கொடுக்க ஆரம்பித்தது 2015இல். 2012 தேதியிட்ட அட்டையோடு ஐந்து ஆண்டு என்று போட்ட காகிதம் வந்தால் அச்சகத்தில் கவனக்குறைவு.

ஒரிஜினல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். என்னைப் போன்ற கடைகள் டூப்ளிகேட் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒரிஜினல் என்று எழுதித் தரும் தகுதி கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான். காப்பி என்று தெரிந்த பிறகு அதை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி போலிக் குறியுள்ள பொருளை விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் விற்கிறவரிடம், "வாங்க, சர்வீஸ் சென்டருக்குப் போய்க் காட்டிவிட்டு அங்கேயே பணம் தந்துவிடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நிஜமான சரக்கு வைத்திருப்பவர் ஆட்டோ பிடிப்பார். மற்றவருக்குச் சென்ட்ரலில் ரயிலுக்கு நேரமாகிவிடும்.